மேஸ்திரியிடம் வேலை பேசும் முன்: கொத்து வேலைச் சொற்களும் அவற்றுக்குள் இருக்கும் அளவுகளும்

"ஒன்பது இஞ்சு சுவர், ரெண்டு பக்கமும் பூச்சு, பேஸ்மட்டம் வரைக்கும் கருங்கல் கட்டு. எல்லாம் சேர்த்துத்தான் சார் இந்த ரேட்." மேஸ்திரி இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்; வீட்டுக்காரரும் தலையாட்டிவிடுவார். ஆனால் இதற்குள் செலவை மாற்றக்கூடிய ஆறு கேள்விகளாவது இருக்கின்றன. பூச்சு எத்தனை மி.மீ.? கலவை என்ன விகிதம்? பேஸ்மட்டத்தின் உயரத்தை எங்கிருந்து அளப்பது? ரேட் தரைக்கா, சுவருக்கா? சாரம் யாருடையது? கருங்கல் கட்டுக்குப் பாயிண்டிங் உண்டா? இவற்றைக் கேட்காமல் முன்பணம் கொடுத்தால், பாதி வேலையில் "அது இதுல வராது சார்" என்ற பதில் வரும். மேஸ்திரி ஏமாற்றுகிறார் என்றே எப்போதும் எண்ண வேண்டியதில்லை. ஒரே சொல்லை இரண்டு பேர் இரண்டு அளவாகப் புரிந்துகொள்வதில்தான் பெரும்பாலான தகராறு தொடங்குகிறது.

எந்தச் சதுர அடி?

10 அடிக்கு 10 அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உயரமும் 10 அடி. தரைப்பரப்பு 100 சதுர அடி. அதே அறையின் உள்சுவர் நான்கும் சேர்ந்து 400, மேல்தளத்தின் அடிப்பக்கம் 100. ஆக, உள்பூச்சு மட்டும் 500 சதுர அடி. "சதுர அடிக்கு இவ்வளவு" என்று சொல்லும்போது எந்தச் சதுர அடி என்பதைக் கேட்டே ஆக வேண்டும். முழு வீட்டுக்கும் பேசும் ரேட் பொதுவாகக் கட்டடப் பரப்புக்கு. பூச்சு மட்டும் தனியாகப் பேசினால் சுவர் முகத்துக்கு. கட்டடப் பரப்பு என்றாலும் போர்ட்டிகோ, பால்கனி, மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், காம்பவுண்டு ஆகியவை முழு ரேட்டா, அரை ரேட்டா, ரேட்டிலேயே அடக்கமா என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஜன்னல், கதவுத் திறப்புகளைக் கழிப்பதற்கும் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பூசும் சுவரில், அரைச் சதுர மீட்டருக்குள் அடங்கும் சிறு திறப்பைக் கழிப்பதில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கத்தை மட்டும் கழிப்பார்கள். திறப்பின் உள்விளிம்பைப் பூசும் வேலைக்கு மறுபக்கம் ஈடாகிவிடும். அதைவிடப் பெரிய திறப்பு என்றால் இரண்டு பக்கமும் கழித்து, விளிம்பைத் தனியாக அளந்து சேர்ப்பார்கள். இந்த முறையா வேறா என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசிவிட்டால், கடைசி பில்லில் டேப்பை வைத்துக்கொண்டு சண்டை போட வேண்டியிருக்காது.

மற்ற அளவுச் சொற்கள் எளிது. 'சதுரம்' என்றால் 100 சதுர அடி. 'ரன்னிங் அடி' என்பது வெறும் நீளம். சன்ஷேடு, ஓர வேலைகள் போன்றவற்றுக்கு. ஒன்பது இஞ்சுச் சுவரும் கருங்கல் கட்டும் கன அளவில் வரும். நாலரை இஞ்சுச் சுவர் மட்டும் சதுர அளவில். மணலுக்கும் ஜல்லிக்கும் சொல்லும் 'யூனிட்' 100 கன அடி.

'லேபர் ரேட்' என்று பேசினால் ஆள்கூலியைத் தாண்டி அதில் என்னென்ன வருகிறது என்று கேளுங்கள். சாரம், சென்ட்ரிங் தகடு (கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் தட்டு), கலவை மிஷின், கட்டுக்கம்பி, கல்லை மாடிக்கு ஏற்றும் கூலி, கடைசியில் குப்பை அள்ளுவது: விடுபடுவது பெரும்பாலும் இவைதான்.

மட்டம் என்றால் எங்கிருந்து?

வானம் தோண்டுவது என்றால் அஸ்திவாரத்துக்குக் குழி எடுப்பது. வானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தோண்டிய குழியின் அடியில் போடும் கம்பியில்லாத கான்கிரீட் பி.சி.சி. அஸ்திவாரத்துக்கு மேல், தரையிலிருந்து வீட்டின் தளம் வரை எழும் பகுதியைத்தான் மேஸ்திரிகள் 'பேஸ்மட்டம்' அல்லது 'பேஸ்மெண்ட்' என்கிறார்கள். நிலத்தடி அறை என்று நினைத்துக்கொள்ளும் புதியவர்கள் உண்டு. 'மூணடி பேஸ்மட்டம்' என்றால் சாலையிலிருந்து மூன்றடியா, மனையின் இயற்கைத் தரையிலிருந்தா? பள்ளமான மனையில் இந்த ஒரு கேள்வியே லாரிக் கணக்கில் மண் நிரப்பும் செலவாக மாறும். அசையாத ஓர் இடத்தில், எதிர்ச்சுவரிலோ மின்கம்பத்திலோ, பெயிண்டால் கோடு போட்டு, எல்லா உயரத்தையும் அதிலிருந்தே டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்து எடுக்கச் சொல்லுங்கள்.

பேஸ்மட்டத்தின் தலையில் சுவர் தொடங்கும் முன் போடுவது டி.பி.சி. நிலத்தின் ஈரம் சுவருக்குள் ஏறாமல் தடுக்கும் படலம் இது. 1:2:4 கான்கிரீட்டில் (சிமெண்ட், மணல், ஜல்லி) நீர்த்தடுப்பு மருந்து கலந்து சுமார் 40 மி.மீ. கனத்தில் போடுவார்கள்; வெளித்தரையிலிருந்து குறைந்தது 15 செ.மீ. உயரத்திலாவது இருக்க வேண்டும். சுவர் பூசும்போது பூச்சை டி.பி.சி.யைத் தாண்டித் தரை வரை இழுத்துவிட்டால், ஈரம் அந்தப் பூச்சு வழியாகவே மேலே ஏறிவிடும். அடிச்சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துப் பெயிண்ட் உரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஜன்னலின் அடி விளிம்பு சில் மட்டம். கதவு, ஜன்னல் தலைக்கு மேல் ஓடும் கான்கிரீட் லிண்டல். 'ஏழடியில லிண்டல்' என்றால் முடிந்த தரையிலிருந்து ஏழடியா என்று கேளுங்கள். பேஸ்மட்டத்தின் தலையிலிருந்து அளந்துவிட்டு, பிறகு தரைக் கான்கிரீட்டும் டைலும் 4 இஞ்சு ஏறினால் கதவு ஆறே முக்காலடிக்கும் கீழே போய்விடும். ஆர்டர் கொடுத்து வந்த கதவு நிலை உள்ளே போகாமல் நிற்பது அப்போதுதான் தெரியும். லிண்டல் இரண்டு பக்கமும் சுவரில் குறைந்தது 15 செ.மீ. உட்கார வேண்டும்; குறைந்தால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும்.

ஒரு கல், அரைக் கல்

சுவரின் கனத்தைக் கல்லால் சொல்வது பழைய வழக்கம். 'ஒரு கல் சுவர்' ஒன்பது இஞ்சு, 'அரைக்கல் சுவர்' நாலரை, 'ஒண்ணரைக் கல்' பதின்மூன்றரை. இவை எல்லாம் பூச்சு இல்லாத கனம். படத்தில் அறை 10 அடி என்று இருந்தால் அது கட்டு அளவா, பூச்சுக்குப் பிந்தைய அளவா என்பதையும் தீர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் 12 மி.மீ. பூசினால் கிட்டத்தட்ட ஓர் இஞ்சு போய்விடும். அளவெடுத்து வாங்கிய அலமாரிக்கு அந்த ஓர் இஞ்சு போதும், உள்ளே போகாமலிருக்க.

செங்கல்லை நீளவாக்கில் வைத்தால் ஸ்ட்ரெச்சர், சுவரின் குறுக்கே வைத்தால் ஹெடர். 'இங்கிலீஷ் பாண்ட்' என்பது ஒரு வரி முழுக்க ஹெடர், அடுத்த வரி முழுக்க ஸ்ட்ரெச்சர். ஒன்பது இஞ்சுச் சுவருக்கு இதுவே பலமானது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு வரியின் செங்குத்து ஜாயிண்டுக்கு நேர்மேலே அடுத்த வரியின் ஜாயிண்ட் வரக்கூடாது. மூலையில் இதைச் சரிக்கட்டத்தான் செங்கல்லை நீளவாக்கில் பிளந்த 'குளோசர்' துண்டை, மூலைக்கல்லுக்கு அடுத்து வைக்கிறார்கள். மூலை தவிர மற்ற இடங்களில் உடைந்த துண்டுகள் நிறையத் தெரிந்தால், கல் மோசம் அல்லது வேலை அவசரம்.

செங்கல்லில் இருக்கும் பள்ளம் மேலே பார்த்து இருக்க வேண்டும். அதில் கலவை நிறைந்து மேல்வரியைப் பிடிக்கும். ஜாயிண்டின் கனம் 10 மி.மீ. வளைந்த, அளவு மாறும் கல்லை வாங்கினால் அதைச் சமன் செய்ய ஜாயிண்ட் 15, 20 என்று தடிக்கும். கல்லில் மிச்சம் பிடித்த காசு சிமெண்டில் போய்விடும்.

'பல் விடுறோம்' என்றால், பிறகு சேர்க்கப்போகும் சுவருக்காக வரி விட்டு வரி கல்லை வெளியே நீட்டி நிறுத்துவது. 'படி விடுறது' அதே காரணத்துக்காகச் சுவரைப் படிபோல் சரித்து நிறுத்துவது. இரண்டில் படியே நல்லது. பல்லுக்கு நடுவே பிறகு கலவையைத் திணிப்பது கடினம். சேருமிடத்தில் நேராக விரிசல் வரும். சுவரை ஒரே நாளில் ஒன்றேகால், ஒன்றரை மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடாது. கீழே பச்சையாக இருக்கும் ஜாயிண்ட் பாரத்தில் பிதுங்கும். நாலரை இஞ்சுச் சுவர் என்றால் சுமார் ஒரு மீட்டருக்கு ஒருமுறை கம்பி வைத்து மெல்லிய கான்கிரீட் பெல்ட் போடுவார்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பீமுக்கு (கான்கிரீட் உத்திரத்துக்கு) கீழே வரும் கடைசி வரியை உடனே அடைத்துவிடாமல் ஒரு வாரம் விட்டு அடைப்பது நல்லது. சுவர் கொஞ்சம் இறங்கும். முன்பே அடைத்தால் பீமின் அடியில் கோடு விழும்.

செங்கல் நன்றாக வெந்ததா என்று பார்க்க இரண்டு கல்லை மோதினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழக்கூடாது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரையில் போட்டால் உடையக்கூடாது. காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மறுபடி போடுங்கள். 5 கல்லின் சராசரியில் எடை 20 சதவீதத்துக்கு மேல் ஏறினால் அந்தக் கல் வேண்டாம். செங்கல்லைக் கட்டும் முன் நன்றாக நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும். ஹாலோ பிளாக்கையும் ஏ.ஏ.சி. பிளாக்கையும் (எடை குறைந்த நுண்துளைக் கல்) அப்படி ஊறவைக்கக்கூடாது. மேலே லேசாக ஈரப்படுத்தினால் போதும். ஊறிய பிளாக் பிறகு காய்ந்து சுருங்கும்போது சுவர் விரிசல் விடும்.

'ஒண்ணுக்கு ஆறு'

கலவை விகிதத்தில்தான் பணமும் பலமும் சேர்ந்து கரைகின்றன. 1:6 என்றால் ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல். அளவு கன அளவில். ஒன்பது இஞ்சுச் சுவருக்கு 1:6, நாலரை இஞ்சுக்கு 1:4 வழக்கம். 1:6-ஐ யாரும் கவனிக்காதபோது 1:8 ஆக்கினால் சிமெண்ட் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

கண்டுபிடிக்க முடியாததை அளந்துவிடலாம். 50 கிலோ மூட்டையில் இருக்கும் சிமெண்ட் சுமார் 35 லிட்டர். உள் அளவு 35 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் வரும்படி ஒரு பலகைப் பெட்டி செய்யச் சொல்லுங்கள். அதன் கொள்ளளவு சரியாக 35 லிட்டர். ஒரு மூட்டைக்கு ஆறு பெட்டி மணல், தலை தட்டி. பாண்டு சட்டியில் எண்ணினால் காலையில் தலை தட்டிய சட்டி மாலையில் கோபுரமாகிவிடும்; எண்ணிக்கை அதேதான் இருக்கும்.

மணலில் இன்னொரு சூட்சுமம் உண்டு. லேசாக ஈரமான மணல் உப்பும். துகள்களைச் சுற்றி ஒட்டும் நீர்ப்படலம் அவற்றை விலக்கி நிறுத்துவதே காரணம். 25 சதவீதம் உப்பியிருந்தால், நீங்கள் வாங்கிய 100 கன அடியில் காய்ந்த மணல் 80 கன அடிதான். லாரியில் வரும் லோடை நீளம், அகலம் அளந்து, உயரத்தை நாலைந்து இடத்தில் கம்பி குத்திச் சராசரி எடுங்கள். 10 அடி நீளம், 6 அடி அகலம், 3½ அடி உயரம் என்றால் 210 கன அடி, அதாவது 2.1 யூனிட். ஈர மணல் என்றால் அதையும் சொல்லிப் பேசுங்கள்.

வண்டலைச் சோதிக்க ஒரு கண்ணாடி பாட்டில் போதும். பாதிக்கு மணல், முக்கால் வரை தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலுக்கு மேல் படியும் மென்மையான படலம், மணலின் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் லோடைத் திருப்பிவிடலாம். 'எம்-சாண்ட்' கட்டுக்கும் கான்கிரீட்டுக்கும், 'பி-சாண்ட்' பூச்சுக்கும் ஆன நொறுக்கு மணல்கள். பி-சாண்ட் இன்னும் நைஸ். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் பூச்சு சொரசொரக்கும், அல்லது கட்டுக்கலவை தண்ணீரை அதிகம் கேட்கும்.

தண்ணீர் ஊற்றிய கலவையை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இறுகிப்போன குவியலில் ஒரு குடம் ஊற்றிக் கிளறுவதைப் பார்த்தால் நிறுத்துங்கள். அது இளகும், ஆனால் பிடிப்பு போய்விட்டது.

'ரெண்டு நூல்தான் சார்'

கொத்தனாரிடம் 'நூல்' இரண்டு பொருளில் வரும். வரி நேராகப் போகக் கட்டும் கயிறு ஒன்று. அளவாகச் சொன்னால் ஒரு நூல் என்பது ஓர் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 3 மி.மீ. தூக்குக்குண்டு வைத்துப் பார்த்து, "ரெண்டு நூல் வெளியே நிக்குது, பூச்சுல சரி பண்ணிக்கலாம்" என்றால் 6 மி.மீ. சாய்வு. 10 அடி உயரத்துக்கு அது ஏற்கக்கூடிய எல்லை. 'அரை இஞ்சு, பூச்சுல வந்துரும்' என்றால் எல்லை தாண்டிவிட்டது.

அந்த 'பூச்சுல வந்துரும்' எவ்வளவு ஆகிறது? 100 சதுர அடியில் 1:5 கலவையை 12 மி.மீ. பூச சுமார் முக்காலிலிருந்து ஒரு மூட்டை சிமெண்ட். வளைவை மறைக்க அதே இடத்தில் சராசரி 20 மி.மீ. ஏற்றினால் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மூட்டை. சிமெண்ட் உங்களுடையது, ரேட் சதுர அடிக்கு என்றால், கோணலாகக் கட்டியதற்கு அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆகவே "குண்டு பார்த்து, 3 மீட்டருக்கு 6 மி.மீ.க்கு மேல் போனால் பூசும் முன் பிரித்துக் கட்டுவது" என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். குண்டை நீங்களும் பிடிக்கலாம்: மேலே கட்டையைச் சுவரோடு ஒட்டிவைத்து, கீழே குண்டுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கிடைமட்டத்துக்கு ரசமட்டம், மூலைக்கு மூலைமட்டம். மூலைமட்டம் இல்லாவிட்டால் ஒரு சுவரில் 3 அடி, மறுசுவரில் 4 அடி குறித்துக் குறுக்கே அளந்தால் 5 அடி வர வேண்டும்.

பூச்சு

உள்சுவர் 12 மி.மீ., 1:5 அல்லது 1:6. வெளிச்சுவர் 15 முதல் 20 மி.மீ., 1:4 அல்லது 1:5, இரண்டு கோட். மேல்தளத்தின் அடிப்பக்கம் 6 முதல் 10 மி.மீ., 1:3 அல்லது 1:4. 'டபுள் கோட்' என்று பேசியிருந்தால் முதல் கோட் கீறிவிட்டு இறுகிய பிறகுதான் அடுத்தது. காலையில் அடித்து மதியம் அதன்மேலேயே அப்பினால் அது ஒரே தடித்த கோட்டாகத்தான் ஆகும். தன் பாரத்திலேயே சரியும்.

பூசும் முன் மூன்று வேலை உண்டு. மூன்றும் பூச்சுக்குள் மறைந்துவிடுவதால் மூன்றும் விடுபடும். கட்டும்போதே ஜாயிண்டை 10 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டிவிட வேண்டும். வழுவழுப்பான கான்கிரீட் காலம் (தூண்), பீம் முகத்தைக் 'கொத்திவிட' வேண்டும், அதாவது உளியால் நெருக்கமாகப் புள்ளி போட்டது போல. செங்கல்லும் கான்கிரீட்டும் சேருமிடத்தில் இரண்டு பக்கமும் 15 செ.மீ. வரும்படி கோழிவலை அடிக்க வேண்டும். வலை அடிக்காத வீட்டில் காலம் எங்கே நிற்கிறது என்பதைப் பெயிண்டுக்கு மேலேயே விரிசல் காட்டிக்கொடுக்கும்.

'புள்ளி வைக்கிறது' என்பது சுவரில் இரண்டு மீட்டருக்கு ஒன்றாகக் கலவைத் திட்டுகளைக் குண்டும் நூலும் பிடித்து வைத்து, பூச்சின் கனத்தை முன்கூட்டியே நிர்ணயிப்பது. புள்ளியில்லாமல் பூசுபவர் கையளவில் பூசுகிறார். பிறகு மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்ப்பார்கள். முடிந்த சுவரில் 2 மீட்டர் மட்டப்பலகையை எந்தப் பக்கம் வைத்தாலும் அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது. தேய்க்கும்போது வெறும் சிமெண்டைத் தூவி நைஸ் ஆக்குவதைத் தடுத்துவிடுங்கள். சிமெண்ட் மட்டும் இருக்கும் அந்தப் படலம் அதிகம் சுருங்கி, சிலந்திவலை போல மயிரிழை விரிசல் விடும்.

காய்ந்த பிறகு ஒரு காசையோ கரணைக் காம்பையோ வைத்து வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஓசை மாறிப் பொள்ளென்று கேட்குமிடத்தில் பூச்சு சுவரைப் பிடிக்கவில்லை. சாக்பீஸால் வட்டம் போட்டு, சதுரமாக வெட்டியெடுத்துத் திருப்பிப் பூசச் சொல்லுங்கள். மேலே பட்டி பார்த்து மறைப்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கருங்கல் கட்டும் க்யூரிங்கும்

கருங்கல் கட்டில் மோசம் நடப்பது உள்ளே. இரண்டு முகத்திலும் நல்ல கல்லை நிறுத்தி, நடுவில் சல்லியையும் மண்ணையும் கொட்டி மூடுவது எளிது. முகத்தில் அரைச் சதுர மீட்டருக்கு ஒன்றாவது, சுவரின் முழுக் கனத்துக்கும் குறுக்கே போகும் நீளக்கல் வேண்டும். சுவர் தடிமன் அதிகமென்றால் இரண்டு கல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும். வேலை நடக்கும்போது மேலிருந்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். சட்டென்று உள்ளே மறைந்தால் நடுவில் காலி. பாயிண்டிங், அதாவது ஜாயிண்ட் வாயை அடைத்துப் பூசுவது, தனி ரேட்டாக இருக்கலாம்.

கட்டுக்கும் பூச்சுக்கும் குறைந்தது 7 நாள் க்யூரிங் (தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்திருப்பது), சாம்பல் கலந்த சிமெண்டில் போட்ட கான்கிரீட்டுக்கு 10 முதல் 14 நாள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள்; காலத்துக்குச் சாக்கு சுற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றுவது யார் வேலை என்பதுதான் எழுதப்படாமல் விடும் வரி. 'வாட்ச்மேன் ஊத்துவார்' என்று இரண்டு பேரும் நினைத்துக்கொள்வார்கள்.

பணத்தைச் சொல்லோடு கட்டுவது

தவணையை மாதக் கணக்கில் வைக்காமல் மட்டத்தோடு வையுங்கள்: பேஸ்மட்டம் முடிந்து டி.பி.சி. போட்டதும், லிண்டல் கான்கிரீட் முடிந்ததும், மேல்தளம் போட்டதும், உள்பூச்சு, வெளிப்பூச்சு. 'முடிந்ததும்' என்பதற்கும் பொருள் எழுதுங்கள். தளம் என்றால் சென்ட்ரிங் பிரித்த பிறகா, கான்கிரீட் போட்ட அன்றா? கான்கிரீட்டில் தேனடை போல ஓட்டை தெரிவது சென்ட்ரிங் பிரித்த பிறகுதான்.

'எக்ஸ்ட்ரா வேலை' என்ற சொல் வரும்போதே அளவும் ரேட்டும் ஒரு நோட்டில் ஏறி, இருவர் கையெழுத்தும் விழ வேண்டும். வேலை முடிந்த பிறகு அளந்தால், மண்ணுக்குள் போன அஸ்திவாரத்தின் ஆழத்தை யாரும் அளக்க முடியாது. மூடும் முன் டேப் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பில்லில் 5 முதல் 10 சதவீதத்தைப் பிடித்துவைத்து, ஒரு மழைக்காலம் கழிந்து கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளலாம். வெளிப்பூச்சின் ஒழுக்கும் ஜன்னல் மூலை விரிசலும் அதற்குள் தெரிந்துவிடும்.